நான் சுருக்கிச் சொன்ன பதில்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

கூட்டங்களில் நின்று மொழிபெயர்ப்பது எப்படி என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். சொற்பட்டியல் வேண்டுமென்றால் அலுவலகத்து அலுமாரியில் நான் விட்டுவந்த கொப்பிகள் இருக்கின்றன. மின்சாரம், துறைமுகம், காணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி. சொல் தெரியாமல் போவது பெரிய ஆபத்தில்லை. "அந்தச் சொல் எனக்குத் தெரியாது, விளங்கப்படுத்துங்கள்" என்று கேட்டால் எந்த நாட்டுக்காரரும் விளங்கப்படுத்துவார். சொல் தெரியாமல் நான் விட்ட பிழைகளை அடுத்த கிழமையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் ஒரு பிழை விட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஜப்பானில் கடல் எழும்பி வந்து அணு உலை சிதைந்ததை நாங்களும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கடல் வருவதைக் கண்டதும் பாலையூற்றில் என் பக்கத்து வீட்டு அக்கா, "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டா. எங்கள் கரையும் அதைக் கண்ட கரைதான். ஆனால் கடலைப் பற்றித்தான் நாங்கள் பயந்தோமே தவிர உலையைப் பற்றி யோசிக்கவில்லை. அது அவர்களுடைய கவலை என்று இருந்துவிட்டோம்.

உலைகளை மூடிய பிறகு அந்த நாட்டுக்கு எரிபொருள் கப்பல் கப்பலாகத் தேவைப்பட்டது. மற்ற நாடுகளுக்கும் பயம் பிடித்தது. நாளைக்கு எங்களுக்கு இப்படி நடந்தால் விளக்கை எதைக்கொண்டு எரிப்பது, யாரிடம் வாங்குவது, எங்கே சேர்த்து வைப்பது என்று கூடிப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சில் ஒரு துண்டு எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் வந்தது. மூன்று நாடுகள் சேர்ந்து ஆபத்துக் காலத்துக்கென எரிபொருளைச் சேர்த்து வைக்கும் ஒரு கூட்டுத் திட்டம். குடாவின் தெற்கே மூதூர்ப் பக்கக் கரையில் ஒரு ஜெட்டி கட்டி, அங்கிருந்து குழாய் போடுவதாக ஏற்பாடு. ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டை எடுத்து, மூன்று கொடி வரைந்த பெயர்ப்பலகை மாட்டி, அலுவலகம் திறந்தார்கள். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும் என்பதால் என்னை எடுத்தார்கள்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் நினைக்கவில்லை. சண்டை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. இந்த மாவட்டத்துக்கு யாராவது வந்து எதையாவது கட்டமாட்டார்களா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த நேரம். நாடுகள் ஒன்றையொன்று மிரட்டாமல், இருட்டில் ஒன்றுக்கொன்று கைகொடுக்க எங்கள் குடாவைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையும் என் பிழையில் ஒரு பங்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெட்டிக்குக் குறித்த இடம் மூதூர்க் கரைவலைக்காரர் கபூர் நானாவின் பாடு. கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையைக் கரைவலை என்பார்கள். அந்த வலை போட, வலையின் சொந்தக்காரரான ஒவ்வொரு சம்மாட்டிக்கும் கரையில் ஒரு துண்டு இடம் உண்டு. அதுதான் பாடு. கபூர் நானாவின் வாப்பாவுக்கும் அதே பாடுதான். அவருடைய வலையை நம்பி இருபத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. முதலில் பரீட்சார்த்தமாகத் தூண்கள் இறக்கிப் பார்க்க வேண்டும், அதற்குக் கரைக்காரரின் சம்மதம் வேண்டும் என்று திட்டத்தின் விதியிலேயே எழுதியிருந்தது. சம்மதம் வாங்க மூதூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் ஒழுங்கு செய்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்காக ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெயர் ஓனோ. அறுபது வயது இருக்கும். காலையில் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சுப் படகில் போகும்போது என் பக்கத்தில் இருந்தார். ஆங்கிலம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவார். அணு உலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய கடற்கரை ஊரில் ஊர் அலுவலகத்தில் வேலை செய்தவராம். உலையைப் பற்றி மீன்பிடிகாரருக்கு விளக்கம் சொல்வது அவருடைய வேலை. இப்போது அந்த ஊரில் ஆட்கள் இல்லை. தன்னுடைய வீட்டுக் கதவைப் பூட்டாமல் வந்துவிட்டாராம்.

"ஏன் பூட்டவில்லை?" என்று கேட்டேன்.

"பின்னேரம் திரும்பி வந்துவிடலாம் என்று சொன்னார்கள்" என்றார்.

மண்டபம் நிறைந்த சனம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், யன்னலுக்கு வெளியேயும் ஆட்கள். எங்கள் அலுவலகத்து இணைப்பதிகாரி படங்கள் காட்டி விளக்கினார். அவர் எங்கள் ஊர்ப் பெடியன், படித்தவர், நல்லவர். அந்த மாத முடிவுக்குள் சம்மதப் பத்திரம் போகாவிட்டால் திட்டம் வேறொரு நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்விடும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி நேரத்தில் கபூர் நானா எழும்பினார். உயர்ந்த மனிதர், தலையில் தொப்பி, கயிறு இழுத்துக் காய்த்த கை. ஓனோவைக் காட்டிச் சொன்னார்:

"இந்த ஐயாக்கிட்ட ஒண்டு கேக்கிறன் மிஸ். அவங்கட ஊர்லயும் எங்களப் போலக் கடல் தொழில் செய்யிற ஆக்கள் இரிந்திருப்பாங்க. அந்த உலை போன பிறகு அவங்க இப்ப எங்க இரிக்காங்க? கடலுக்குப் போறாங்களா?"

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஓனோ எழும்பி நின்றார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலும்.

"அவர்கள் கடலுக்குப் போவதில்லை. வேறு வேறு ஊர்களில், சின்னச் சின்ன அறைகளில் இருக்கிறார்கள். ஆபத்து வராது என்று அவர்களுக்குச் சொன்ன ஆட்களில் நானும் ஒருவன். எனக்குத் தெரியாததை நான் தெரிந்தது போலச் சொன்னேன். அவர்கள் என்னை நம்பினார்கள். இது அணு உலை இல்லை, வெறும் ஜெட்டி. என்றாலும் உங்கள் கரைக்கு ஒன்றும் நடக்காது என்று நான் இன்றைக்குச் சொல்லமாட்டேன். கையெழுத்து வைக்க முன்னர் ஒன்று கேளுங்கள். கரை கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை."

அவர் பேசி முடிக்கிறதுக்குள் இணைப்பதிகாரி என் காதுக்குக் கிட்ட வந்துவிட்டார்.

"மிஸ், ப்ளீஸ். இதெல்லாம் சொன்னா இண்டைக்கு ஒருத்தரும் ஒப்பம் வையாயினம். உதவி செய்யினம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்தாளின்ர சொந்தத் துக்கம் அது. கூட்டத்துக்கு உரிய விசயம் இல்லை."

மண்டபத்தில் எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. புழுக்கம். ஒலிவாங்கி என் கையில் வழுக்கியது. காலையில் லோஞ்சில் கேட்ட பூட்டாத கதவு ஞாபகத்துக்கு வந்தது. உண்மைதானே, இது அவருடைய துக்கம், முன்பின் தெரியாத சனத்துக்கு முன்னால் ஒரு மனிதருடைய துக்கத்தை ஏன் அவிழ்த்துப் போடவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன அழகான காரணம், பாருங்கள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"அந்த மீன்பிடிகாரர் வேறு இடங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய உதவிகள் செய்யப்படுகின்றன. இது அணு உலை இல்லை, ஜெட்டிதான் என்று அவர் சொல்கிறார்."

ஒரு பொய்யும் இல்லை என்றுகூட நீங்கள் வாதாடலாம். நானும் பல மாதம் என்னோடு அப்படித்தான் வாதாடினேன்.

கபூர் நானா தலையாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார். ஓனோ என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. முதலாவது ஒப்பம் கபூர் நானாவுடையது.

திரும்பும் லோஞ்சில் ஓனோ கேட்டார்: "நான் நிறையச் சொன்னேன். நீங்கள் கொஞ்சம் சொன்னீர்கள். தமிழ் அவ்வளவு சுருக்கமான மொழியா?"

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார்.

"முக்கியமானதைச் சுருக்கிச் சொன்னேன்" என்றேன்.

"ஓ" என்றார். பிறகு, "நானும் எங்கள் ஊரில் அப்படித்தான் செய்தேன்" என்றார். அடுத்த நாள் காலையில் கொழும்புக்குப் போய்விட்டார். நான் அவரைப் பிறகு காணவில்லை.

எனக்கு வேலை பழக்கியவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அந்தப் பதவியின் பழைய பெயரால் நாங்கள் எல்லாரும் முதலியார் என்றுதான் கூப்பிடுவோம். ஒருமுறை சாட்சிக்கூண்டில் நின்ற ஒருவன் கோபத்தில் நீதவானையே தூஷணத்தால் ஏசினான். முதலியார் அதை முகம் மாறாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். நீதவான் சிவந்துபோனார். "கனம் நீதவான் அவர்களே, சொன்னது சாட்சி, நானில்லை" என்று அதே குரலில் சொல்லிவிட்டு நின்றார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

அவர் அப்போது பாலையூற்றில் மகளோடு இருந்தார், கண் தெரியாது. முழுவதையும் கேட்டுவிட்டு, "எத்தினை பேருக்கு முன்னால சொன்னனீர்?" என்றார்.

"மண்டபம் நிறைஞ்ச சனம்."

"அப்ப அந்தச் சனத்துக்கு முன்னாலதான் திருத்தவேணும். தனியப் போய் ஒராளுக்குக் காதில சொல்றது திருத்தமில்லை. அது பாவமன்னிப்பு. அதுக்குக் கோயில் இருக்கு."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கூட்டம் வரட்டும், எல்லாருக்கும் முன்னால் சொல்வேன் என்று காத்திருந்தேன். கூட்டம் தள்ளிப்போனது. ஒரு மாதம், இன்னொரு மாதம். அந்த நேரத்துக்குள் மூதூர்க் கரையில் தூண் இறக்கும் இயந்திரம் வந்துவிட்டது. என் அலுவலக யன்னலில் இருந்து பார்த்தால் குடாவுக்கு அப்பால் அது ஒரு கொக்குப் போலத் தெரியும். லோஞ்சில் ஏறினால் ஒரு மணித்தியாலம். கபூர் நானாவிடம் போய், சனத்தைக் கூப்பிடுங்கள், ஒன்று சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தால் அவரே கடற்கரையில் கூட்டியிருப்பார். நான் போகவில்லை. சரியான சபைக்குக் காத்திருக்கிறேன் என்று இருந்தேன். முதலியார் சொன்னதில் பிழையில்லை. அதை நான் சாட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் கூட்டம் நடந்தது. அதே மண்டபம். ஓனோ இல்லை. வேறு மூன்று பேர் வந்திருந்தார்கள். இணைப்பதிகாரி தொடங்கிவைக்கச் சொல்லி என்னிடம் ஒலிவாங்கியைத் தந்தார். எழும்பி நின்று சொன்னேன்.

"போன கூட்டத்தில் கபூர் நானா கேட்ட கேள்விக்கு ஓனோ என்பவர் பதில் சொன்னார். நான் அதை முழுதாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்" என்று தொடங்கி, அவருடைய சொற்களை அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள் என்ற இடம் வந்தபோது இணைப்பதிகாரி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். என்றாலும் ஒலிவாங்கியைப் பறிக்கவில்லை. அவர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

கபூர் நானா எழும்பினார்.

"இதை இப்ப ஏன் மிஸ் சொல்றீங்க? தூண் இறக்கின பிறகு?"

"அண்டைக்குச் சொல்லப் பயந்துபோனன்."

"ஆருக்கு?"

அதிகாரிக்கா? வேலை போய்விடும் என்றா? அந்த மண்டபத்தின் அமைதிக்கா? தெரியாது என்றேன். பின்னால் இருந்து யாரோ, "அந்த மனிசன் எங்களுக்குத் தந்தத நீங்க முழுங்கிட்டீங்க" என்றார்கள். பெண்குரல்.

அவர்கள் எழுத்தில் கேட்டார்கள். அன்றைக்கே, அந்த மண்டபத்திலேயே. வந்திருந்த மூன்று பேரும் தங்களுக்குள் பேசிவிட்டு, சம்மதம் ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது, புதிய நிபந்தனை சேர்ப்பதை மூன்று நாடுகளும் பரிசீலிக்கும் என்றார்கள். நான் அதை ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அதுதான் அந்த அலுவலகத்துக்கு நான் செய்த கடைசி மொழிபெயர்ப்பு. அடுத்த நாள் வரவேண்டாம் என்று கடிதம் வந்தது. அது சரிதான். நான் அவர்களுடைய மேலாளராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பரிசீலனை நடக்கவேயில்லை. தூர தேசங்களில் மூடிய உலைகளைத் திரும்பத் திறப்பது பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எரிபொருள் முன்போல் அவ்வளவு அவசரமில்லை என்றானது. ஒரு நாடு விலகியது. மற்ற இரண்டும் யோசித்துவிட்டு விலகின. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. மிக மரியாதையாகவே பிரிந்தார்கள். ஓர்ஸ் ஹில் வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். இயந்திரத்தை மிதவையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தூண்களை மட்டும் விட்டுவிட்டார்கள், கடலுக்குள் இரண்டு வரிசையாக.

அந்த வருடத்து வாடைக்காற்றோடு மணல் இடம் மாறியது. தூணுக்கு ஒரு பக்கம் மணல் மேடு, மறுபக்கம் கடல் கரையை அரித்துத் தென்னைகளைச் சாய்த்தது. வலை போட்டால் தூணில் மாட்டிக் கிழிந்தது. இரண்டு தரம் தைத்தார்கள், மூன்றாம் தரம் விட்டுவிட்டார்கள். கபூர் நானாவின் பாடு அப்படி முடிந்தது. மூன்று நாட்டுக்கும் அவர்கள் எழுதிய மனுக்களை நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பதில் வந்தன. திட்டம் முடிவடைந்துவிட்டது, இது தொடர்பாக இந்த அலுவலகத்துக்கு இப்போது பொறுப்பில்லை என்று இரண்டிலும் அழகான ஆங்கிலத்தில் இருந்தது. அதை மூதூருக்குக் கொண்டுபோய், கபூர் நானாவின் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்துச் சொன்னேன். அவருடைய மகள் சிபானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

வாசித்து முடித்த பிறகு நான் கேட்டேன், கேட்காமல் இருக்க ஏலவில்லை. "நானா, அண்டைக்கு நான் முழுதாச் சொல்லியிருந்தா நீங்க ஒப்பம் வைச்சிருக்கமாட்டீங்கள்தானே?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"தெரியா மிஸ். வைச்சும் இரிப்பம். எங்களுக்கும் கரண்டு வேணும், புள்ளைகளுக்கு வேலை வேணும். வைச்சிருந்தா, எங்கட பாட்ட நாங்களே தெரிஞ்சு குடுத்தம் எண்டு இரிந்திருக்கும். இப்ப அப்பிடி இல்லையே. எங்களுக்கிட்ட இரிந்து எடுத்த போலதானே இரிக்கி."

ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறுது என்றார்.

கபூர் நானா இப்போது கிண்ணியாவில் ஒரு அரிசி ஆலையில் காவலாளி. வலையோடு இருந்த குடும்பங்களில் பாதி வெளியூர் போய்விட்டன.

பிறகு நான் உங்கள் அலுவலகத்தில் சேர்ந்து இதே வேலையைத்தான் செய்தேன். ஓய்வு பெற முன்னர் கடைசியாக மூதூருக்குப் போனது போன வருடம். இப்போது வேறொரு கூட்டுத் திட்டம். இரண்டு நாடுகள், சூரிய மின்சாரம், கடலுக்கடியால் கம்பி. நாட்டில் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தை எல்லாரும் கண்டுவிட்டதால் இந்த முறை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அதே மண்டபம். முன்வரிசையில் சிபானா இருந்தாள். மடியில் கொப்பி, கையில் பேனை. அவளை ஒரு அலுவலகமும் அனுப்பவில்லை, சம்பளமும் இல்லை. இரண்டு வருடமாக ஆங்கிலம் படித்துவிட்டு, மூதூரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் வந்திருந்து மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்க்கிறாளாம்.

வெளிநாட்டுப் பொறியியலாளர் நீளமாக ஒரு பதில் சொன்னார். நான் தமிழில் சொல்லி முடித்தேன். சிபானா எழும்பினாள்.

"மிஸ், அவர் இன்னும் ஒண்டு சொன்னவர். கம்பி அறுந்தா திருத்தற வரைக்கும் கடலுக்குள்ள போக உடமாட்டம் எண்டு."

நான் வேண்டுமென்று விடவில்லை. நீளமான பதில், களைப்பு, வயது. தவறிவிட்டது. ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்? தெரியத்தான் வேண்டுமா? மண்டபம் முழுக்க அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. நம்பிக்கையும் இல்லை. பொறுத்துக்கொண்டு நின்றாள், நான் சொல்லும்வரைக்கும் கதிரையில் இருக்கமாட்டாள் என்பது போல.

"ஓம்" என்றேன், "சொன்னவர்." ஒலிவாங்கியை நிமிர்த்திப் பிடித்து அதையும் சொன்னேன்.

இனி மூதூருக்குப் போகப்போவது நீங்கள். அவள் முன்வரிசையில் இருப்பாள்.